ஒரு முதுமாணிப் பட்டத்தின் வீட்டுக் கணக்கு

எங்கள் பாடசாலையில் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவருக்கு இந்த வருடம் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. கடிதம் வந்த அன்று இடைவேளையில் என்னைத் தேடி ஓடி வந்தார்.

"ரீச்சர், வீட்டையும் பாத்து, பள்ளிக்கூடத்தையும் பாத்து நீங்கள் எப்பிடிப் படிச்சு முடிச்சனீங்கள்? எனக்கும் சொல்லித் தாங்கோவன்."

"நேரத்தை ஒழுங்காப் பிரிச்சால் எல்லாம் செய்யலாம் பிள்ளை" என்று பெரிய மனிசி போலச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டேன். பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மனம் உறுத்தியது. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அரைவாசி உண்மைதான். மற்ற அரைவாசியை அவருக்கும், அவரைப் போலப் படிக்க நினைக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவள். 1990 ஆம் ஆண்டு யுத்தம் மறுபடி தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அந்தப் பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி போட்டு எரிக்கும் விளக்கில்தான் எங்கள் தலைமுறை படித்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் வீட்டிலும் நான்கு குடும்பங்கள் இருந்தன. அத்தனை பேருக்கும் நடுவில் விறாந்தையில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கி, "இவளுக்குச் சோதினை வருது, ஒருத்தரும் அங்கால போகாதேங்கோ" என்று அம்மா காவல் இருந்தா. படிக்கிற ஒருத்திக்கு வேறு ஒருத்தி காவல் இருக்க வேண்டியிருந்தது. அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

2004 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டம் பெற்று ஆசிரியையானேன். ஏ9 பாதை 2002 இல் திறந்திருந்தபடியால், கொழும்புக்குப் போய் மேலே படிக்கலாம் என்று ஒரு கனவு இருந்தது. 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடப்பட்டது. அதன்பிறகு கொழும்புக்குப் போவதென்றால் அனுமதி எடுத்து, திருகோணமலைக்குக் கப்பலில் போக வேண்டும், அல்லது விமானம். அந்த வருடம் எனக்குக் கலியாணமும் நடந்தது. 2008 இல் மகள், 2012 இல் மகன். கனவை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.

அதை மறுபடி எடுக்க வைத்தவன் தரம் 6 இல் என்னிடம் படித்த ஒரு பையன். நல்ல கெட்டிக்காரன். கணக்கை மனத்திலே செய்வான். ஆனால் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். எழுத்துக் கூட்டத் தெரியாது. ஐந்து வருடம் பாடசாலைக்கு வந்த பிள்ளைக்கு ஏன் வாசிக்கத் தெரியவில்லை? பதினைந்து வருடத்துக்கு மேல் கற்பித்த எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாற்பத்தொரு வயதில் கல்வி முதுமாணிக்கு விண்ணப்பித்தேன்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் குடாநாட்டில் பெண்கள் படிப்பதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824 இல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் இராமநாதன் மகளிர் கல்லூரியை நிறுவியது 1913 இல். ஆனால் பல்கலைக்கழகம் என்றால் 1974 வரைக்கும் பேராதனைக்கோ கொழும்புக்கோ, கடல் கடந்து இந்தியாவுக்கோதான் போக வேண்டும். 1974 இல் திருநெல்வேலியில், அதே இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. 2011 இல் பேராசிரியர் வசந்தி அரசரட்ணம் அதன் முதல் பெண் துணைவேந்தரானார். இவற்றை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிள்ளை குட்டிக்காரி ஒருத்தி முதுமாணி படிக்கலாமா இல்லையா என்பதை முதலில் தீர்மானிப்பது அவளுடைய மூளையல்ல, தூரம்தான். காலையில் சோறு சமைத்து வைத்துவிட்டுப் போய், பின்னேரம் விளக்கு வைக்கத் திரும்பி வரக்கூடிய தூரத்தில் வகுப்பு இருந்தபடியால்தான் என்னால் விண்ணப்பிக்கவாவது முடிந்தது.

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதிவு செய்தேன். நான் எதையும் எழுதிப் பார்த்துச் செய்கிறவள். முதல் வேலையாகக் கொப்பியில் கணக்குப் போட்டேன். இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று 2012 இல் ஒரு வழிகாட்டி வந்தது. எந்தப் பட்டத்துக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். ஒரு கிரெடிற் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. வகுப்பில் இருக்கும் நேரம் மட்டுமல்ல, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கு ஆயத்தம் எல்லாம் சேர்த்துத்தான். பாடநெறிகள் மட்டும் உள்ள முதுமாணிக்கு 30 கிரெடிற். ஆய்வும் சேர்ந்த முதுமாணிக்கு 60. நான் சேர்ந்தது இரண்டாவது வகை. அப்படியென்றால் 3000 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் 104 கிழமை. கிழமைக்கு ஏறக்குறைய 29 மணித்தியாலம்.

ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். பாடசாலைக்கு 30. நித்திரைக்கு நாளுக்கு 6 படி 42. சமையல், கூட்டல், தோய்த்தல், பிள்ளைகளின் அலுவல் நாளுக்கு 6 படி 42. பஸ் பயணம், கொப்பி திருத்தம், பாடக் குறிப்பு 15. மொத்தம் 129. மிச்சம் 39. அதில் படிப்புக்கு 29 போனாலும் கையில் 10 மணித்தியாலம் இருக்கிறது! எனக்குப் பெரிய சந்தோஷம். அழகாக ஒரு நேரசூசி கீறிக் குசினிச் சுவரில் ஒட்டினேன். "பள்ளிக்கூடம் வீட்டுக்கும் வந்திட்டுது" என்று இவர் சிரித்தார்.

அந்தக் கணக்கு இரண்டு மாதம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. 2022 மார்ச் முடிவில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. சில வகுப்புகள் இணையவழியில் நடந்தன. போனில் சார்ஜ் இருந்தால் சிக்னல் இருக்காது. சிக்னல் இருந்தால் சார்ஜ் இருக்காது. டீசல் இல்லாமல் பஸ்களும் குறைந்தன. பரணில் கிடந்த பழைய ஜாம் போத்தலைத் தேடி எடுத்தேன். பிள்ளைகள் அதை விளையாட்டுச் சாமான் போலப் பார்த்தார்கள். எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

இவர் தோட்டக்காரர். வெங்காயம்தான் எங்கள் சீவியம். வெங்காயத்துக்கு இறைப்பு, இறைப்புக்கு மெசின், மெசினுக்கு மண்ணெண்ணெய். வரிசையில் இரவிரவாக நின்றாலும் கிடைக்காது. ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. அந்த நாட்களில் இவர் வீட்டில் இருப்பதே அருமை. மாமிக்குச் சீனி வருத்தம். காலில் புண் ஒன்று ஆறாமல் கிடந்தது. மகனுக்கு அந்த டிசெம்பரில் புலமைப்பரிசில் பரீட்சை. இவ்வளவுக்கும் நடுவில் நான் ஒப்படைகளை நேரத்துக்குக் கொடுத்தேன். பரீட்சை எழுதினேன். நல்ல புள்ளிகளும் வந்தன. "உங்களாலதான் முடியும் ரீச்சர்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

2023 நடுப்பகுதியில் மகளின் பாடசாலையில் பெற்றோர் சந்திப்பு. அவள் அப்போது தரம் 10. வகுப்பாசிரியை புள்ளி அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தார். கணிதத்துக்கு எழுபதுக்குக் குறையாமல் எடுக்கிற பிள்ளை, 43.

"முதல் பாடத்திலேயே மேசையில படுத்திடுறா. கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறா. வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நானும் ஓர் ஆசிரியை. இதே கேள்வியை எத்தனை தாய்மாரிடம் கேட்டிருக்கிறேன்! இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றிரவு எல்லாரும் படுத்த பிறகு குசினிச் சுவரில் இருந்த நேரசூசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு மட்டும்தான் அதில் நிரல் இருந்தது. கொப்பியை எடுத்து மகளுக்கும் ஒரு கணக்குப் போட்டேன். விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தேங்காய் துருவுகிறாள். தம்பியை வெளிக்கிடுத்துகிறாள். அம்மம்மாவுக்கு என்றால்கூட ஒரு நாள் முகம் சுளித்திருப்பாளோ தெரியாது. அப்பம்மாவின் புண்ணுக்குத் தினமும் மருந்து கட்டுகிறாள். சனி, ஞாயிறு நான் திருநெல்வேலிக்குப் போனால் மத்தியானச் சமையல் அவளுடையது. சனிக்கிழமை கணித ரியூசனை அவள் நிறுத்தி நாலு மாதம் என்பது அடுத்த நாள்தான் எனக்குத் தெரிய வந்தது. கூட்டிப் பார்த்தேன். கிழமைக்கு 17 மணித்தியாலம்.

நான் போட்ட கணக்கில் வீட்டு வேலைக்கு 42 மணித்தியாலம் எழுதியிருந்தேன். நான் உண்மையில் செய்தது 25. மின்வெட்டும் வரிசையும் வருத்தமும் தின்ற என் நேரத்தை நான் எங்கேயோ ஈடுசெய்து வந்தேன் என்று நினைத்திருந்தேன். ஈடுசெய்தவள் பதினைந்து வயதுப் பிள்ளை. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

விடிய அவளைக் கிணற்றடியில் இருத்திக் கேட்டேன். "ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் படிக்கிறது எனக்கு விருப்பம் அம்மா. சொன்னால் நிப்பாட்டிப்போடுவீங்கள்."

அன்று நான் பாடசாலைக்குப் போகவில்லை. படிப்பை விடுவது என்று முடிவெடுத்தேன். பாடநெறிகள் முடிந்துவிட்டன, ஆய்வேடு மட்டும்தான் மிச்சம். ஆனாலும் பிள்ளையின் எதிர்காலத்தை அடகு வைத்து எனக்கு ஒரு பட்டம் வேண்டாம். மத்தியானம் இவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்த மாமிதான் வாய் திறந்தா. "இந்த வயதில் என்ன படிப்பு" என்று முதல் வருடம் முழுவதும் முணுமுணுத்தவ.

"நீ இப்ப விட்டால், என்னாலதான் அம்மா விட்டவ எண்டு அந்தப் பிள்ளை சாகும் வரைக்கும் சுமக்கும். அதுக்கு ரெண்டு சுமை வேண்டாம். அதின்ர தலையில இருக்கிறதை இறக்கு. நீயும் முடி." பிறகு மகனைப் பார்த்து, "உனக்கும் ரெண்டு கை இருக்குதுதானே?" என்றா.

எத்தனையோ விரிவுரைகளைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டிலில் இருந்து வந்த வசனங்கள் போல ஒன்றும் என்னை அசைக்கவில்லை.

அன்று இரவு ஐந்து பேரும் இருந்து நேரசூசியைப் புதிதாகக் கீறினோம். இந்த முறை ஐந்து நிரல். மகளுக்கு அவளுடைய உடுப்புத் தோய்ப்பதும் பின்னேர விளக்கு வைப்பதும் மட்டும். சனிக்கிழமை ரியூசன் மறுபடி தொடங்கியது. விடியற்காலைச் சமையலை இவர் எடுத்துக்கொண்டார். முதல் கிழமை புட்டு கல்லாக இருந்தது, பேசாமல் சாப்பிட்டோம். மகன் வீடு கூட்டினான். மாமி காய்கறி வெட்டினா. இருந்த இடத்தில் செய்யக்கூடியது. புண்ணுக்கு மருந்து கட்டுவது என் வேலையானது. சனி, ஞாயிறு மத்தியானத்துக்கு மூன்று கறி வேண்டாம், ஒரு பருப்பும் ஒரு சம்பலும் போதும் என்று தீர்மானித்தோம். யாரும் செத்துப் போகவில்லை.

என் பக்கத்தில், ஆய்வேட்டுக்கு ஆறு மாத காலநீடிப்புக் கேட்டு எழுதினேன். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று சொல்ல முடியாது. தோற்றுப் போனவள் போல ஒரு நினைப்பு. என் மேற்பார்வையாளர் கடிதத்தை வாசித்துவிட்டு, "பிந்தி முடிச்சவையின்ர பட்டத்தில பிந்தி எண்டு எழுதிறேல்லை" என்று சொன்னார். இதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலநீடிப்பு விதியில் இருக்கிற ஒன்று. கேட்பதில் குற்றமில்லை. ஆனால் கடைசி நாளுக்கு முன்னரே கேட்க வேண்டும்.

படிக்கும் விதத்தையும் மாற்றினேன். இரவு பதினொரு மணி வரை கண் செருகச் செருக இருந்து படித்ததை விட்டுவிட்டு, எட்டரைக்கே படுத்து மூன்றரைக்கு எழும்பினேன். இவர் குசினிக்குள் வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் எனக்கு. அதில் வாசிப்பது இல்லை, எழுதுவது மட்டும். நல்லதோ கெட்டதோ ஒரு பக்கம். வாசிப்பெல்லாம் பஸ்ஸில். நெல்லியடியில் ஏறி வல்லைவெளி தாண்டும்போது கடற்காற்று கடதாசியைப் பறிக்கும். அதற்காகக் கட்டுரைகளைத் துண்டு துண்டாகக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தேன். என்னோடு படித்த இரண்டு சகோதரிகளும் நானும் வாசிக்க வேண்டியவற்றைப் பங்கு பிரித்தோம். ஒருத்தி வாசித்ததை மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டும். வாசித்து மறந்ததை விடச் சொல்லிக் கொடுத்தது மனத்தில் நின்றது. மேற்பார்வையாளரிடம் போகும்போது ஒற்றைத் தாளில் மூன்று கேள்விகளுக்கு மேல் கொண்டு போவதில்லை. கணினியில் எழுதியதை ஒவ்வொரு கிழமையும் வேறு ஓர் இடத்திலும் பதிந்து வைத்தேன்.

புதன் இரவும் ஞாயிறு இரவும் புத்தகம் தொடுவதில்லை என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தேன். கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் போவதை நிறுத்தினேன். செத்தவீட்டுக்கு மட்டும் தவறாமல் போனேன். சிலர் கோபித்தார்கள். பட்டம் முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடித்துக் கணக்குத் தீர்த்தேன்.

ஆய்வும் அதன்பிறகுதான் சரியான பாதையில் போனது. வாசிக்க முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வந்தேன். வாசிப்பு முறைகளைப் பற்றித்தான் அதுவரை யோசித்திருந்தேன். அந்த வீடுகளில் வேறு ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது: இந்தப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது? தாய் விடியப்புறம் வெங்காயம் கிண்டப் போக, தம்பி தங்கையைப் பார்க்கிற பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்தில் இருந்து புத்தகத்தைப் பார்க்க நேரமுள்ள பெரியவர் ஒருவரும் இல்லாத வீடுகள் இருந்தன. பிள்ளையின் மூளையில் குறை தேடிய எனக்கு, அதன் நேரத்தில் குறை இருப்பது தெரிந்தது. என் வீட்டில் அதைக் கண்டிராவிட்டால் அந்த வீடுகளிலும் எனக்குத் தெரிந்திருக்காது.

2024 டிசெம்பரில் ஆய்வேட்டை ஒப்படைத்தேன். குறித்த காலத்துக்குப் பிந்தித்தான். அடுத்த மார்ச்சில் மகள் சாதாரணதரப் பரீட்சை எழுதினாள். கணிதத்தில் அவள் ஆசைப்பட்ட ஏ வரவில்லை, பி வந்தது. "அந்த நாலு மாதம் ரியூசனுக்குப் போயிருந்தால் வந்திருக்கும்" என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் நினைக்காத நாளும் இல்லை. பட்டமளிப்பு அன்று எனக்குச் சீலை உடுத்திவிட்டவள் அவள்தான். மாமிக்கு வர ஏலாது. வாசலில் நின்று திருநீறு பூசிவிட்டா.

ஆகவே, அந்த இளம் ஆசிரியையிடம் அடுத்த நாள் போய், முதல் நாள் சொன்னதைத் திருத்திச் சொன்னேன்.

"பிள்ளை, நேரத்தைப் பிரிக்க முதல் ஒண்டு கேளுங்கோ. உங்களுக்குத் தேவையான மணித்தியாலங்களை ஆர் தரப்போயினம்? அவையைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டு வாங்குங்கோ. கேளாமல் எடுத்தால் வீட்டிலேயே வாய் பேசாத ஆளிட்டத்தான் போய் விழும். அது அனேகமா ஒரு பொம்பிளைப் பிள்ளையாத்தான் இருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "என்ர தங்கச்சிதான் பிள்ளையைப் பாக்கிறன் எண்டவள். அவளுக்கு அடுத்த வருசம் ஏஎல்" என்றார்.

"அப்ப முதல்ல உங்கட மனுசனோட கதையுங்கோ" என்றேன்.

ஆய்வேடு இப்போது அலுமாரியில் இருக்கிறது. எனக்கு இனிச் சனிக்கிழமை வகுப்பு இல்லை. ஆனாலும் இன்றைக்கும் விடிய ஐந்து மணிக்குக் குசினிக்குள் திருவலைச் சத்தம் கேட்டது. நான் எழும்பிப் போனேன். "நீர் படும், இது என்ர நிரல்" என்றார் இவர். புட்டு இப்போது நல்ல பதமாக வருகிறது.